ஆறு வேர்களும் ஒரு பனியன் துணியும்

ஜனவரி 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

என் மகளுக்கு நான் கொடுத்த ஆர்க்கிட் செடியின் ஆறு வேர்களை நீங்கள் கத்தரிக்கோலால் வெட்டினீர்கள். அது போதாதென்று செடியை ஹால் ஜன்னலிலிருந்து எடுத்துக் குளியலறையில் வாளிக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். இரண்டும் தவறு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நேற்று மகள் வீடியோவில் பேசினாள். பின்னால் ஜன்னல் காலியாக இருந்தது. "செடி எங்கம்மா?" என்றேன். "இருக்குப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இருக்குன்னா எங்க இருக்கு?" என்றேன். "அத்தை கொஞ்ச நாளைக்குத் தனியா வெச்சிருக்காங்கப்பா" என்று இழுத்தாள். காட்டச் சொன்னேன். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். அறுந்த கம்பி எது, வெட்டிய கம்பி எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன். அந்த ஆறும் வெட்டியவை.

தொட்டிக்கு வெளியே வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது பூஞ்சை அல்ல, வேர். இந்தச் செடி மண்ணில் வளர்வதில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு வளரும் ஜாதி. வேர் வெளியே வரத்தான் வரும். காய்ந்தால் வெள்ளை, நனைந்தால் பச்சை. ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்திருந்தால் உங்களுக்கே விளங்கியிருக்கும்.

செடியில் பூச்சி என்றும் சொன்னீர்களாம். என் வீட்டிலிருந்து ஒரு பூச்சி வெளியே போனதில்லை. எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன், மீதியைச் செடிகளைப் பார்த்தே கற்றேன். லிஃப்டுக்குப் போடுவதுபோல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர் போட்டு வைத்திருக்கிறேன். பதினான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் என் பழைய பனியன் துணியை நனைத்து, ஒன்றில் தொடங்கிப் பன்னிரண்டு வரை ஒவ்வோர் இலையாகத் துடைக்கிறேன். உங்கள் வீட்டில் வாளியோடு குடித்தனம் நடத்துவது ஏழாம் நம்பரின் பிள்ளை.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. போன முறை நான் வந்து மணி அடித்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு "யாரது?" என்று கேட்டீர்கள். நான் வருவது தெரிந்தும் கேட்டீர்கள்.

செடி மறுபடியும் ஹால் ஜன்னலுக்கு வரும்வரை உங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

போனில் பேசினால் தீர்ந்தது என்கிறாள் என் மனைவி. போனில் நீங்கள் என்னைப் பேசவிடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 12

சம்பந்தி அவர்களுக்கு,

குறுக்கே பேசாமல் இரண்டு முறை படித்தேன்.

வேர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மிச்சமிருந்த ஒரு வேரில் தண்ணீர் தெளித்தேன், ஒரு நிமிடத்தில் பச்சையானது. வெட்டியது என் தவறு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவள். வெள்ளையாக எதையாவது பார்த்தால் கை சும்மா இருக்காது.

ஆனால் பூச்சி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. நான் ஓய்வு பெற்றபோது கூடத்தில் பழைய மைக்ரோஸ்கோப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அதில் வைத்துப் பார்த்தேன். மாவுப்பூச்சி. இலையும் தண்டும் சேரும் இடுக்கில் பதினான்கு. கீழே டேப்பில் ஒருவரை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். பயப்பட வேண்டாம், ஸ்பிரிட்டில் குளித்துவிட்டுத்தான் வருகிறார். செடியைக் குளியலறையில் வைத்தது அவமதிப்பு இல்லை. அங்கே வேறு செடி இல்லை, பூச்சி தாவ இடமில்லை, ஜன்னல் வெளிச்சம் வருகிறது. நோயாளியைத் தனி அறையில் வைத்தால் உறவினர்கள் கோபிப்பது எனக்குப் புதிதும் இல்லை.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் கடிதத்தில் பனியன் துணி வரும் வரியில் அப்படியே நின்றுவிட்டேன். பன்னிரண்டு செடிக்கும் ஒரே துணியா? நான் ஒரே ஊசியால் பன்னிரண்டு பேருக்கு ரத்தம் எடுத்திருந்தால் என்னை என்ன செய்திருப்பார்கள்? பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.

மணி விஷயம். நீங்கள் ஒரு முறை அடிக்கவில்லை. விடாமல் ஒன்பது முறை அடித்தீர்கள். பட்டன் வேலை செய்கிறதா என்று சோதிக்க வந்த ஆள் என்று நினைத்தேன்.

கடைசியாக முக்கியமான செய்தி. மே முதல் தேதி நாங்கள் மூவரும் பெரிய வீட்டுக்கு மாறுகிறோம். நீங்களும் அண்ணியும் வந்தே ஆக வேண்டும். உங்கள் சபதத்தைச் சொன்னதும் மருமகள், "அப்பா வரலைன்னா சாமான் மட்டும் போகட்டும் அத்தை, நான் இங்கயே இருக்கேன்" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு குளியலறைக்குப் போய் வெகுநேரம் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்புடன்,
சம்பந்தி


ஜனவரி 19

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் டேப்பை முதலில் பார்த்தது என் மனைவி. "ஏங்க, கடிதத்துல மாவு ஒட்டியிருக்கு" என்றாள். மாவு இல்லை, குற்றச்சாட்டு என்றேன்.

ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இன்று காலை பார்த்தேன். இலைகள் கண்ணாடிபோல் இருக்கின்றன. பூச்சி இல்லை. உங்கள் பால்கனியில் செம்பருத்தி இருப்பது எனக்குத் தெரியும். மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தி என்றால் மாமியார் வீடு மாதிரி. அங்கிருந்துதான் வந்திருக்கும்.

ஊசியும் துணியும் ஒன்றல்ல. துணியைத் துவைக்கிறேன். வாரம் ஒரு முறை, எல்லாம் முடிந்த பிறகு.

உங்களுக்கு அவ்வளவு சந்தேகம் என்றால் ஷவரில் காட்டி நன்றாகக் கழுவுங்கள். இருக்கிற பூச்சியும் ஓடிப்போகும். எங்கள் பக்கம் குற்றம் இல்லை என்று காட்ட, வரும் ஞாயிறு ஏழாம் நம்பரைத் தொட்டியிலிருந்தே உருவி வேரைப் பார்க்கப் போகிறேன். சாட்சிக்கு என் மனைவி இருப்பாள். "நான் உங்க பக்கம் சாட்சியா, அவங்க பக்கம் சாட்சியா?" என்று கேட்கிறாள். உண்மையின் பக்கம் என்றேன். "அப்ப சரி, உங்க பக்கம் இல்ல" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மே முதல் தேதி பற்றி: சபதம் சபதம்தான். மகளிடம் நானே பேசிக்கொள்கிறேன். இன்னும் பேசவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜனவரி 27

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஏழாம் நம்பரை உருவினேன்.

மேலே இலை பளபளவென்று இருந்தது. கீழே, மரப்பட்டைத் துண்டுகளுக்கும் வேர்களுக்கும் நடுவே, யாரோ பஞ்சு திணித்து வைத்ததுபோல் இருந்தது. என் மனைவி டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் ஒன்றும் சொல்லாத முதல் சந்தர்ப்பம் இது.

பிறகு மற்றவற்றையும் பார்த்தேன். நான்கு, ஒன்பது, பதினொன்று. இலையின் அடிப்பக்கம், இடுக்கில், காய்ந்த சருகுத் தோலுக்குள். பதினான்கு வருடமாக நான் துடைத்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தை மட்டும்தான்.

அப்புறம் துணியை எடுத்தேன். லிஃப்ட் ரிலே பார்க்கும் பூதக்கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. துணியின் மடிப்பில் இரண்டு இருந்தன. கடுகில் கால்வாசிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவற்றை ஒன்றாம் நம்பரிலிருந்து பன்னிரண்டாம் நம்பர்வரை நானே சவாரி அழைத்துப் போயிருக்கிறேன். லிஃப்ட் வேலைதான் பார்த்திருக்கிறேன், ஓய்வு பெற்ற பிறகும்.

செம்பருத்தியைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. உங்கள் ஸ்பிரிட் எத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜனவரி 27

சம்பந்தி அவர்களுக்கு,

இதை வீட்டில் யாருக்கும் சொல்லாமல் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியபடி ஷவரில் காட்டிச் செடியை நன்றாகக் கழுவினேன். பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. மனநிறைவோடு அப்படியே வைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்து நடு இலையின் அடியில் ஒரு கருப்பு. வேக வைத்ததுபோல் மெத்தென்று இருந்தது. லேசாகத் தொட்டேன். இலை அப்படியே கையோடு வந்துவிட்டது, சம்பந்தி. நான் இழுக்கவில்லை. தொட்டேன், அவ்வளவுதான்.

மருமகள் கேட்டாள். "ஒரு இலை பழுத்துடுச்சும்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோயாளியின் பரிசோதனை முடிவைச் சொந்தக்காரரிடம் எத்தனையோ முறை முகத்தைப் பார்த்தே கொடுத்திருக்கிறேன். இது ஒரு செடி. என்ன இது?

இது சாகுமா? சாகும் என்றால் சாகும் என்று எழுதுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். பிழைக்க வழி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். சொல்லாத எதையும் செய்ய மாட்டேன்.

சம்பந்தி


பிப்ரவரி 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. உங்களுடையதைப் படித்ததும் கடிதத்தை நம்பாமல் நானே போன் செய்தேன். நீங்கள் ஒரு முறைகூடக் குறுக்கே பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அதனால் சொன்னதையெல்லாம் மறுபடி எழுதுகிறேன், எதையாவது மாற்றிச் சொல்லியிருந்தால் இதுதான் சரி.

செடியின் நடுக்குழியில் தண்ணீர் நின்றால் குருத்து அழுகும். கழுவியதும் அதைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். இதை நான் ஜனவரி 19 கடிதத்தில் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். தானாகக் கற்றவனுக்கு இதுதான் வியாதி. ஆகவே உங்கள் கையோடு வந்த அந்த இலை என் கணக்கில் சேர வேண்டியது.

கத்தியைத் தீயில் காட்டி ஆறவிடுங்கள். மெத்தென்றிருப்பதை எல்லாம், உள்ளே வெள்ளையும் பச்சையும் தெரியும்வரை, எடுத்துவிடுங்கள். வெட்டுவதில் உங்களுக்குத் தயக்கம் இருக்காது என்று நம்புகிறேன். வெட்டுக்காயத்தின் மேல் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூளைத் தூவுங்கள். வேரில் மட்டும் படக் கூடாது, வேர் வறண்டுபோகும். பிறகு காற்றோட்டமான இடத்தில் வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், தொட்டி காய்ந்த பிறகு அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

நடுக்குருத்து இனி வராது. இந்தச் செடிக்குத் தலை ஒன்றுதான். ஆனால் அடிமரம் கெட்டியாக இருந்தால் சில சமயம் பக்கத்திலிருந்து இன்னொரு குருத்து வரும். வந்தால் பிழைத்தது. வராவிட்டால் மிச்சமிருக்கும் நான்கு இலையும் ஒவ்வொன்றாகப் போகும். சுற்றி வளைக்க வேண்டாம் என்றீர்கள், வளைக்கவில்லை.

ஸ்பிரிட் பற்றி நீங்கள் சொன்னது உபகாரம். நூறு சதவீதம் இருந்தால்தான் சாகும் என்று நினைத்திருந்தேன். எழுபதே போதும், மீதி தண்ணீர் என்றீர்கள். பஞ்சுக்குச்சியில் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறோம். பழைய மரப்பட்டைத் துண்டுகளை எல்லாம் கட்டி வெளியே போட்டாயிற்று, தொட்டிகளுக்கு வெந்நீர்க் குளியல். முட்டை பொரிந்து வரும் என்பதால் வாரம் ஒரு முறை, நான்கு வாரம். நீங்கள் போனில் சொன்ன கணக்கு.

என் மனைவி என் பனியன்களை எல்லாம் வெட்டிப் பன்னிரண்டு துணி செய்து, மூலையில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நூலால் நம்பர் போட்டுவிட்டாள். இப்போது செடிகளுக்குத் துணி இருக்கிறது, எனக்குப் பனியன் இல்லை.

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நானும் துணியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்துப் போனைக் கீழே போட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 8

சம்பந்தி அவர்களுக்கு,

அறிக்கை கேட்டிருந்தீர்கள். வாரவாரம் எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். பதினான்கு, ஐந்து, ஒன்று, பூஜ்யம். அதற்குப் பிறகு இன்றுவரை பூஜ்யம். வெட்டுக்காயம் காய்ந்து கருவேலம்பட்டைபோல் இருக்கிறது. ஓர் இலை போயிற்று, மூன்று இருக்கின்றன.

பூச்சி இல்லை என்று உறுதியானதும், போன வாரம் செடியை ஹால் ஜன்னலில் வைத்துவிட்டேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இனி நடந்த கதை. நேற்றுக் காலை செடியின் அடியில், கீழ் இலையைப் பிளந்துகொண்டு பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. நான் கூப்பிட்ட கூச்சலில் மகன் பல் துலக்கும் பிரஷோடு ஓடி வந்தான்.

"வேரும்மா அது" என்றான்.

"வேரா? குருத்துங்க" என்றாள் மருமகள்.

"நுனியப் பாரு, மொழுக்குன்னு இருக்கு. வேர்தான்."

"நீங்க எப்ப ஆர்க்கிட் டாக்டர் ஆனீங்க?"

"உங்க அப்பா எப்ப ஆனாரோ அப்ப."

இவ்வளவும் ஆன பிறகு மகன் உள்ளே போய் என் கத்தரிக்கோலை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டான். கேட்டால், "முன்னெச்சரிக்கைம்மா" என்கிறான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாததை இந்த முறை தொடவும் இல்லை. படம் வரைந்து இணைத்திருக்கிறேன். அளவும் எடுத்தேன்: நீளம் ஏழு மில்லிமீட்டர், அகலம் நான்கு, கனம் இரண்டு. போட்டோ அனுப்பலாம் என்றான் மகன். மருமகள் விடவில்லை. "அப்பா நேர்ல வந்து பார்க்கட்டும், போட்டோ அனுப்பினா அங்கயே உக்காந்துக்குவார்" என்கிறாள். உங்களை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

மே முதல் தேதிக்கு ஒரு யோசனை. உங்கள் சபதம் இந்த வீட்டு வாசலைப் பற்றியது. புது வீட்டு வாசலைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நேரே அங்கே வந்துவிடுங்கள். சபதமும் நிற்கும், நீங்களும் வந்ததாக ஆகும்.

அண்ணிக்கு என் அன்பு. இத்துடன் உங்களுக்கு ஒரு புதுப் பனியன் வருகிறது, அளவு மருமகள் சொன்னது.

சம்பந்தி


ஏப்ரல் 15

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் படம் ஒன்றுக்கும் உதவாது. மூன்று நாள் மேஜையில் வைத்துப் பார்த்தேன். "வாழைப்பழம் மாதிரி இருக்குங்க" என்கிறாள் என் மனைவி. தலைகீழாகப் பிடித்தால் வெண்டைக்காய்.

நேற்று மாலைதான் படத்தை விட்டுவிட்டு அளவைப் படித்தேன். அகலம் நான்கு, கனம் இரண்டு. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வேர் உருண்டை, சம்பந்தியம்மா. கயிறுபோல எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. அகலம் ஓர் அளவு, கனம் வேறோர் அளவு என்று எந்த வேரும் இருக்காது. தட்டையாக இருப்பது இலை. உங்கள் ஜன்னலில் இருப்பது குருத்து. பிழைத்துவிட்டது.

என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். மகளுக்கு உடனே போன் போட எடுத்தேன், வைத்துவிட்டேன். நேரில் சொல்லப் போகிறேன். நீங்களும் மூச்சு விடக் கூடாது.

நானாக இருந்தால் அளந்திருக்க மாட்டேன். கண்ணால் பார்த்து ஏதோ ஒன்றை அடித்துச் சொல்லியிருப்பேன், அப்புறம் அதையே பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். இதை நான் எழுதுவது ஒரு முறைதான். திரும்ப எழுதச் சொல்லிக் கேட்கக் கூடாது.

உங்கள் புது வாசல் யோசனையை மறுக்கிறேன். ஓட்டை பார்த்து நுழைய நான் மாவுப்பூச்சி இல்லை. செடி ஹால் ஜன்னலுக்கு வரும்வரை உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன், வந்துவிட்டது. ஆகவே ஏப்ரல் 29 காலை உங்கள் பழைய வீட்டுக்கு, பழைய வாசல் வழியாகவே வருகிறோம். இனிச் செய்ய வேண்டியவை, செய்ய வேண்டியவர்கள்:

குருத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது: நீங்கள்.

அது வேர் என்று இனி வாய் திறக்காமல் இருப்பது: மாப்பிள்ளை.

கத்தரிக்கோலை ஒளித்த இடத்திலேயே வைத்திருப்பது: அவரேதான்.

மே முதல் தேதி சாமான் வண்டியில் ஏற்றாமல், செடியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து போவது: என் மகள். எவ்வளவு தூரமானாலும்.

புது வீட்டில் காலை வெயில் விழுகிற, நண்பகல் வெயில் விழாத ஜன்னல் எது என்று கண்டுபிடிப்பது: நான். அதுவரை அந்த ஜன்னல்களில் யாரும் எதையும் வைக்கக் கூடாது.

பதின்மூன்றாம் நம்பர் துணி தைப்பது: என் மனைவி. தைத்தாயிற்று. நீங்கள் அனுப்பிய புதுப் பனியனிலிருந்து அல்ல, அதை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

செம்பருத்தியிடம் மன்னிப்புக் கேட்பது: நான்.

ஆறு வேர்களைப் பற்றி இனிப் பேசாமல் இருப்பது: நான். முயற்சி செய்கிறேன்.

மணி அடிப்பது: நான். ஒரே ஒரு முறை.

கதவைத் திறப்பது: நீங்கள். "யாரது?" என்று கேட்காமல்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி